கணக்கில் கூடிய ஒன்று

சென்ற ஆண்டு ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை, என் மகன் ஆடும் சிறுவர் பேஸ்பால் லீக் ஆட்டத்துக்கு நான் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். மதுரையிலிருந்து வந்திருந்த என் மாமனார் பக்கத்து மடக்கு நாற்காலியில் அமர்ந்து, என் மடியில் இருந்த ஸ்கோர் புத்தகத்தையும் மைதானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்து நான்கு ஆண்டுகள் வங்கியில் காசாளராக இருந்தவர். பேஸ்பால் அவருக்குப் புதிது. ஆனால் கட்டம் போட்ட தாளில் ஒருவர் பென்சிலால் எதையாவது குறித்தால் அது ஏன் அங்கே குறிக்கப்பட்டது என்று கேட்காமல் அவரால் இருக்க முடியாது. ஐந்தாவது இன்னிங்ஸில் எதிரணிப் பையன் ஒருவன் மட்டையைச் சுழற்றிப் பந்தைத் தவறவிட்டான்; அது அவனுடைய மூன்றாவது ஸ்ட்ரைக், அதாவது மூன்றாவது தவறிய வாய்ப்பு. பந்து, அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிக்கும் கேட்சரின் கையுறையின் அடிப்பகுதியில் பட்டு, அவன் முழங்காலுக்கு அடியில் நழுவி, பின்னாலிருந்த கம்பி வேலி வரை உருண்டு போனது. மட்டை பிடித்தவன் ஓடினான், ஓட்டத்தின் முதல் நிலையான முதல் பேஸில் போய் நின்றும்விட்டான். நான் அவனுடைய கட்டத்தில், மூன்று ஸ்ட்ரைக் ஆனதைச் சொல்லும் ஸ்ட்ரைக்-அவுட்டுக்கான ‘கே’ எழுத்தைப் போட்டேன். கேட்சர் பெயருக்கு எதிரே, அவன் பிடிக்கத் தவறிய பந்து என்ற பொருளில் ‘பாஸ்டு பால்’ என்று ஒன்று குறித்தேன்.

“மாப்பிள்ளை, பையன் அங்க நிக்கிறான். நீங்க அவுட்டுன்னு போட்டுட்டீங்களே?” என்றார் மாமனார். அவுட் அல்ல, ஸ்ட்ரைக்-அவுட் மட்டும்தான் என்று விளக்கினேன். மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் சுத்தமாகப் பிடித்தால்தான் அடிப்பவர் ஆட்டமிழப்பார். பிடி நழுவினால், முதல் பேஸ் காலியாக இருந்தாலோ ஏற்கெனவே இரண்டு பேர் ஆட்டமிழந்திருந்தாலோ அவர் ஓடலாம். ஆனாலும் பந்து வீசியவரின் கணக்கில் அந்த ‘கே’ ஏறிவிடும். மாமனார் தலையசைத்தார், ஏற்றுக்கொண்டதற்கான அசைப்பு அல்ல அது என்று எனக்குத் தெரியும். மைதானத்தில், பதினொரு வயதான அந்தக் கேட்சர் பையன் முகமூடியைக் கழற்றாமல், யாரையும் பார்க்காமல், மண்டியிட்டபடி தன் கால் கவசத்தின் வார்களை இறுக்கிக்கொண்டிருந்தான். அந்த வார்கள் தளர்ந்திருக்கவில்லை.

பந்து வீசிய சிறுவனுக்கு ஒரு சிறப்பும், பந்தைத் தவறவிட்ட சிறுவனுக்கு ஒரு குறையும், ஒரே பந்துக்காக, ஒரே பென்சிலால் நான் எழுதியிருந்தேன். விதிப்படி அது சரி. ஆனால் அந்தக் காட்சி அன்று முழுவதும் மனத்தை விட்டு அகலவில்லை. அதனால்தான் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமனாரிடம், நான் பல பேரிடம் பல முறை சொல்லியிருக்கும் ஒரு பழைய ஆட்டத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

1952 மே 13, பிரிஸ்டல்

பிரிஸ்டல் என்பது அமெரிக்க மாநிலங்களான வர்ஜீனியாவும் டென்னசியும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் இருக்கும் ஊர். மாநில எல்லையே ஊரின் முக்கியத் தெருவின் நடுவில் ஓடுகிறது. தெருவின் ஒரு பக்கத்துக் கடைகள் ஒரு மாநிலத்திலும் மறுபக்கத்துக் கடைகள் இன்னொரு மாநிலத்திலும் இருக்கும். அந்த ஊரின் அணி பிரிஸ்டல் ட்வின்ஸ். அப்பலாச்சியன் லீக்கில், அன்றைய மைனர் லீக் படிநிலைகளில் அடிமட்டமான ‘டி’ வகுப்பில் ஆடியது. உச்ச நிலையான மேஜர் லீக்கில் ஆடிய பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் நாற்றங்கால்களில் அதுவும் ஒன்று. பைரேட்ஸின் நிர்வாகியாக இருந்த பிராஞ்ச் ரிக்கி, இளைஞர்களை மொத்தமாகச் சேர்த்து, கீழிருந்து மேலே வடிகட்டி எடுக்கும் முறையில் முழு நம்பிக்கை வைத்திருந்தவர். 1952-ல் மேலே இருந்த பைரேட்ஸ் அணியின் நிலையோ மிகப் பரிதாபம்: 42 வெற்றிகள், 112 தோல்விகள். மேலே ஆளே இல்லாத ஓர் அணிக்காகக் கீழே பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள் பேருந்தில் ஊர் ஊராகப் போய் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் நடந்தது புரியும்.

அப்படி ஒரு பையன் ரான் நெச்சாய். மேற்குப் பென்சில்வேனியாக்காரர். உயரமான, ஒல்லியான உடம்பு. முதல் பேஸில் தடுப்பாளராக நிற்பதற்காகத்தான் ஒப்பந்தம் செய்யப்பட்டார். அவருடைய கைவீச்சைக் கவனித்து, நீ நிற்க வேண்டிய இடம் அதுவல்ல என்று பந்து வீசும் பிட்சராக மாற்றியவர் பயிற்சியாளர் ஜார்ஜ் டெட்டோர். டெட்டோர் தாமே கேட்சராக ஆடியவர்; ஒரு பந்து கையுறைக்குள் வந்து விழும் விதத்தை வைத்தே வீசியவரை எடைபோடத் தெரிந்தவர். நெச்சாயிடம் வேகம் இருந்தது, ஆனால் அதைவிட முக்கியமாக, மேலிருந்து வந்து, அடிப்பவர் நிற்கும் தட்டின் அருகே சட்டென்று கீழே இறங்கும் ஒரு வளைபந்து இருந்தது. கூடவே ஒரு வயிற்றுப்புண்ணும் இருந்தது. பத்தொன்பது வயதில், ரத்தம் கசியும் அளவுக்கான புண். மே 13 இரவு, வெல்ச் என்ற மேற்கு வர்ஜீனிய நிலக்கரி ஊரின் அணிக்கு எதிராக அவர் பந்து வீச வந்தபோதும் அந்த வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. இன்னிங்ஸ்களுக்கு இடையில் அவருக்குப் பாலும் மாத்திரையும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அன்று வந்திருந்த ரசிகர்கள் 1,183 பேர். அவர்கள் கண் முன்னால் நெச்சாய் ஒன்பது இன்னிங்ஸ் வீசினார். பிரிஸ்டல் 7-0 என்று வென்றது. வெல்ச் அணிக்கு ஒரு ஹிட்கூட, அதாவது பந்தை அடித்து பேஸை அடையும் வாய்ப்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நெச்சாய் எடுத்த ஸ்ட்ரைக்-அவுட்கள் 27. ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட தொழில்முறை ஆட்டத்தில் அவருக்கு முன்னும் பின்னும் யாரும் அந்த எண்ணைத் தொட்டதில்லை. ஆட்டம் முடிந்ததும் இந்த எண்ணைச் சொன்னபோது அவர் பெரிதாக வியக்கவில்லை. இவ்வளவு காலமாக ஆடப்படும் ஆட்டத்தில் வேறு யாராவது இதை ஏற்கெனவே செய்திருப்பார்கள் என்றுதான் நினைத்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அன்றும் அடைத்தது.

மாமனார் கேட்ட கேள்வி

நான் எப்போதும் இந்தக் கதையை ஒரே மாதிரிதான் சொல்வேன்: 27 அவுட் எடுத்தால் ஆட்டம் முடியும், அந்தப் பையன் 27 பேரையும் ஸ்ட்ரைக்-அவுட் செய்தான். கேட்பவர்கள் வியப்பார்கள், நானும் அத்துடன் நிறுத்திக்கொள்வேன். அன்று மாமனார் விவரம் கேட்டதால் கூடுதலாகச் சில சொன்னேன். இரண்டாவது இன்னிங்ஸில் ஒருவர் பந்தைத் தரையோடு அடித்து, அதைப் பொறுக்கி எறிந்து அவரை ஆட்டமிழக்கச் செய்தார்கள். நான்கு பேர் முதல் பேஸை அடைந்தார்கள்: ஒருவருக்கு வாக் (இலக்கு தவறி வீசப்பட்ட நான்கு பந்துகளுக்காகக் கிடைக்கும் இலவச முதல் பேஸ்), ஒருவர் மீது பந்து பட்டது, ஒருவர் தடுப்பாளரின் பிழையால், இன்னொருவர் கேட்சர் தவறவிட்ட பந்தால். இவை எல்லாம் எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரிந்தவை. ஆனால் அவற்றை அருகருகே வைத்துக் கூட்டிப் பார்த்ததில்லை.

மாமனார் மேசையில் கிடந்த மருந்துக்கடை ரசீதைத் திருப்பிப் போட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். “ஒன்பது இன்னிங்ஸ், மும்மூணு, 27 அவுட். சரி. அதுல ஒண்ணு தரையில அடிச்சு ஆனதுங்கிறீங்க. மிச்சம் 26. ஆனா நீங்க 27 ஸ்ட்ரைக்-அவுட்டுங்கிறீங்க. ஒண்ணு கூடுதே மாப்பிள்ளை.” ரசீதின் பின்பக்கத்தில் 26-க்கும் 27-க்கும் அடியில் அவர் போட்ட இரட்டைக் கோட்டை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அவரே, வங்கியில் நாள் முடிந்து பணப்பெட்டியை எண்ணும் வழக்கத்தைச் சொன்னார். குறைந்தால் காசாளர் கைக்காசு போட்டு நேர் செய்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். நஷ்டம் அவருடையது, அத்துடன் முடிந்தது. கூடினால்தான் தூக்கம் வராது. “கூடுச்சுன்னா யாரோட காசோ நம்மகிட்ட இருக்குன்னு அர்த்தம். அது யாருதுன்னு கண்டுபிடிக்காம பெட்டிய மூடக்கூடாது.”

விடை காலையில் என் மடியில் இருந்த புத்தகத்திலேயே இருந்தது. நெச்சாய் எட்டு இன்னிங்ஸில் எடுத்தவை 23. ஒன்பதாவது இன்னிங்ஸில் மட்டும் நான்கு. மூன்று அவுட்டில் முடிய வேண்டிய ஓர் இன்னிங்ஸில் நான்கு ஸ்ட்ரைக்-அவுட் வர ஒரே வழிதான் உண்டு: அவற்றில் ஒன்றில் மூன்றாவது ஸ்ட்ரைக் கேட்சரின் கையைவிட்டுப் போயிருக்க வேண்டும். போனது. அந்த ஒரு பந்து கையுறையில் நின்றிருந்தால் ஆட்டம் 26-டன் முடிந்திருக்கும். நெச்சாய் அப்போதும் யாரும் தொடாத உயரத்தில்தான் இருந்திருப்பார், ஆனால் நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அந்த முழுமையான எண் இருந்திருக்காது. 27 அவுட்டுக்கு 27 ஸ்ட்ரைக்-அவுட் என்று சொல்லும்போது, ஒரு குறையும் இல்லாத கண்ணாடிப் பாத்திரம்போல ஒலிக்கிறது. உண்மையில் அது ஒரு குறையை இன்னொரு குறை ஈடுசெய்ததால் வந்த எண்: தரையில் அடிக்கப்பட்ட ஒரு பந்தால் ஒன்று குறைந்தது, தவறவிட்ட ஒரு பந்தால் ஒன்று கூடியது.

இதே ஒன்பதாவது இன்னிங்ஸைப் பற்றிச் சொல்லப்படும் இன்னொரு காட்சியும் இதோடு சேர்ந்ததுதான். வெல்ச் அணி மட்டையாளர் ஒருவர் எல்லைக்கு வெளியே உயரத் தூக்கி அடித்துவிட்டார். முதல் பேஸில் நின்ற தடுப்பாளர் அதைப் பிடிக்க ஓடுகிறார். பிடித்தால் அவுட், ஆனால் ஸ்ட்ரைக்-அவுட் அல்ல. சொந்த ஊர் ரசிகர்கள் சொந்த அணி வீரரைப் பார்த்து, பிடிக்காதே, விட்டுவிடு என்று கத்துகிறார்கள். பந்து தரையில் விழுகிறது. அடித்தவர் திரும்ப வந்து நின்று ஸ்ட்ரைக்-அவுட் ஆகிறார். அந்தக் கத்தலை நான் பலமுறை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். சுரங்கத்திலும் ஆலையிலும் பகல் முழுவதும் வேலை பார்த்துவிட்டு வந்து மரப் பலகையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, தங்கள் முன்னால் எது நடந்துகொண்டிருக்கிறது என்பது அந்த நேரத்தில் தெளிவாகத் தெரிந்திருந்தது. தடுப்பாளர் தன் பெயருக்கு வர வேண்டிய ஓர் அவுட்டை விட்டார். கேட்சர் தன் பெயருக்கு வரக்கூடாத ஒரு குறையை வாங்கிக்கொண்டார்.

டன்லப்பின் 14 நாட்கள்

அந்தக் கேட்சர் ஹாரி டன்லப். கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவிலிருந்து வந்த பதினெட்டு வயதுப் பையன். அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுபவர்கள் அவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் கடந்திருந்தேன். ஆனால் அந்த வளைபந்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மட்டையாளர் மட்டையைச் சுழற்றத் தொடங்கிய பிறகு, தட்டுக்கு முன்னால் கடைசி நொடியில் கீழே இறங்கும் பந்து அது. மட்டையை ஏமாற்றும் அதே இறக்கம் கையுறையையும் ஏமாற்றும். மட்டையாளருக்கு ஆட்டத்தில் நான்கு முறைதான் அந்தச் சோதனை வரும். கேட்சருக்கு ஒவ்வொரு பந்திலும். சுழலும் மட்டை கண்ணை மறைக்க, குந்தியபடி, பந்து தன்னைத் தாண்டிவிடும் என்ற பயம் வீசுபவருக்கு வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்சர் மேல் நம்பிக்கை இல்லாத பிட்சர் அந்தப் பந்தைத் தாழ்வாக வீசத் துணிய மாட்டார்; தாழ்வாக வீசாவிட்டால் அந்தப் பந்துக்கு மரியாதையே இல்லை. அன்று 31 மட்டையாளர்கள் வந்தார்கள். தவறவிட்டதாக அவர் பெயரில் ஏறியது ஒரே ஒரு பந்து.

கதை அங்கே முடியவில்லை என்பதுதான் டன்லப் விஷயத்தில் என்னை உலுக்கியது. அதே பிரிஸ்டல் அணியில் பில் பெல் என்று இன்னொரு பிட்சர் இருந்தார்; அவருக்கும் பதினெட்டு வயது. மே 22 அன்று அவர் ஒரு நோ-ஹிட்டர், அதாவது எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம், வீசினார். நான்கு நாள் கழித்து, மே 26 அன்று, இன்னொன்று. அந்தப் பருவம் முடிவதற்குள் மூன்றாவதும். மேலே சொன்ன மே மாதத்து மூன்று ஆட்டங்களிலும், அதாவது நெச்சாயின் ஒன்று, பெல்லின் இரண்டு, தட்டுக்குப் பின்னால் குந்தியிருந்தவர் டன்லப். 14 நாட்களில் மூன்று நோ-ஹிட்டர்களைப் பிடித்த கேட்சர். நெச்சாயின் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. பெல்லின் பெயர் அதன் நிழலில் இருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு நோ-ஹிட்டர் வீசிய ஒருவரின் பெயர், பக்கத்தில் இன்னொருவர் 27 எடுத்ததால் மட்டுமே மங்கிப்போனது என்பது எனக்கு இன்னமும் ஆறாத வருத்தம். பெல் மேஜர் லீக்கில் வீசியது ஐந்தே ஆட்டங்கள். 1962-ல், முப்பது வயதை எட்டுவதற்கு முன்பே இறந்துவிட்டார்.

எதிரணிகள் பலவீனமானவை, ‘டி’ வகுப்பில் எடுத்த எண்ணுக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்கள் உண்டு. பெல்லின் கணக்கைச் சொன்னால் அவர்களுக்கு இன்னும் வசதியாகிவிடும்: ஒரே அணியில் இரண்டு பேருக்கு இப்படி வாய்க்கிறது என்றால் எதிரே நின்றவர்களின் தரம் தெரிகிறதே என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1949-ல் நாடு முழுவதும் 59 மைனர் லீக்குகள் இருந்தன; அவ்வளவு அணிகளை நிரப்ப ஆள் பிடித்தால் எல்லோரும் தேர்ந்தவர்களாக இருக்க முடியாது. ஆனால் அதே காரணத்தால், அதே போன்ற மட்டையாளர்களுக்கு எதிராக, அதே போன்ற மங்கலான விளக்குகளின் கீழே, ஆயிரக்கணக்கான பிட்சர்கள் வீசினார்கள் என்பதும் உண்மை. அவர்களில் ஒருவர்தான் 27 எடுத்தார். எட்டு நாள் கழித்து, கிங்ஸ்போர்ட் அணிக்கு எதிராக 24-ம் எடுத்தார். பிரிஸ்டலில் அவர் வீசியது சுமார் 43 இன்னிங்ஸ், ஸ்ட்ரைக்-அவுட்கள் 109. அடுத்து கரோலைனா லீக்கில், இரண்டு வகுப்பு மேலே, 126 இன்னிங்ஸில் 172 எடுத்து, பாதிப் பருவமே ஆடியும் அந்த லீக்கில் முதலிடம் பிடித்தார்.

ஆகஸ்டில் அவரை நேரே பிட்ஸ்பர்க்குக் கொண்டுபோனார்கள். அங்கே 12 ஆட்டங்கள், ஒரு வெற்றி, ஆறு தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்கு 7.08 ஓட்டங்கள் விட்டார். 31 ஸ்ட்ரைக்-அவுட், 32 வாக். மூன்றே மாதத்தில் அடிமட்டத்திலிருந்து உச்சிக்கு, வயிற்றுப்புண்ணோடு, அந்த ஆண்டின் மிக மோசமான அணிக்கு. 1953-ல் ராணுவம் அழைத்தது. வயிறு காரணமாகத் திருப்பி அனுப்பியது. உடம்பு தேறாமலே மீண்டும் வீசத் தொடங்கினார், தோள்பட்டை போனது. 1955-க்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதைப் பற்றி நான் நீட்டி எழுத விரும்பவில்லை. எழுதுபவர்கள் எல்லோரும் இந்த இறக்கத்தைத்தான் எழுதுகிறார்கள். ஓர் இளைஞரின் ஒரு நாளுக்கு அது பதிலாகிவிடாது.

டன்லப் ஒரு நாள்கூட மேஜர் லீக்கில் வீரராக ஆடவில்லை. ஆனால் 1969-ல் புதிதாகத் தொடங்கிய கேன்சஸ் சிட்டி ராயல்ஸ் அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். பிறகு கப்ஸ், ரெட்ஸ், பாட்ரேஸ் என்று பல அணிகளில், பல ஆண்டுகள் அதே வேலையில் இருந்தார். மூன்று பேரில் ஆட்டத்தோடு மிக நீண்ட காலம் இருந்தவர் அவர்தான். கையுறையில் பந்து விழும் ஓசையை வைத்து ஒரு பையனை எடைபோடும் அறிவு டெட்டோரிடமிருந்து அவருக்குப் போயிருக்கும் என்று நான் நம்புகிறேன். கேட்சர்களிடமிருந்து கேட்சர்களுக்குப் போகும் சொத்து அது.

அந்த ரசீதை மாமனார் தூக்கிப் போடவில்லை. மறுநாள் காலை அதில் 27-க்கு எதிரே, பற்று-வரவுக் குறிப்புபோல, ‘கேட்சர் கணக்கு – 1’ என்று எழுதி என் ஸ்கோர் புத்தகத்துக்குள் வைத்திருந்தார். அடுத்த சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனபோது, கேட்சர் பெயர் இருக்கும் வரிசைக்குக் கீழே ஓரத்தில் நான் ஒரு சிறிய கோடு இழுத்தேன். மண்ணில் குத்தியோ, பக்கவாட்டில் விலகியோ வந்து, போயிருக்க வேண்டிய பந்தை அந்தப் பையன் நெஞ்சாலோ கால் கவசத்தாலோ கையுறையாலோ தடுக்கும்போதெல்லாம் அங்கே ஒரு புள்ளி வைத்தேன். எந்தப் பதிவேட்டிலும் இதற்கு இடம் கிடையாது. லீக்குக்கு அனுப்பும் தாளிலும் இதைச் சேர்க்க முடியாது. ஆட்டம் முடிந்து பையன்கள் தண்ணீர் குடிக்க வந்தபோது, அந்தக் கேட்சர் பையன் வியர்வையோடு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, தன் பெயருக்குக் கீழே இருக்கும் புள்ளிகள் என்ன என்று கேட்டான். நீ நிறுத்திய பந்துகள் என்றேன். மாமனார் பென்சிலை வாங்கி, புள்ளிகளை ஐந்து ஐந்தாகக் கட்டி எண்ணி, 17 என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடு போட்டு அவனிடம் காட்டினார்.